பாஞ்சாலி சூடாகத் தின்ற பஜ்ஜி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் சாயங்காலம் பஜ்ஜி வாசனை வந்தால் யார் வீட்டில் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் கட்டடத்தில் தரைத்தளப் போர்ஷனில் குடியிருந்த பாஞ்சாலி வீட்டில்தான். அவள் கணவர் ரகுபதிக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, கையில் பையோடு, எதிரில் வருகிற எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துக்கொண்டே நடந்து வருவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாணலியில் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்காரும்போது முதல் ஈடு தட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

தெருவில் அவருக்கு நல்ல பெயர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஆபீஸ் விட்டால் வீடு. குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டி கையால் பஜ்ஜி சாப்பிடத்தான் ஓட்டமாக ஓடி வருகிறார் என்று கேலி செய்வார்கள். அவரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

பாஞ்சாலி சைதாப்பேட்டை ஆற்றோரத்துப் பெண். அப்பா மூட்டை தூக்கியவர், அம்மா பூ விற்றவள். சின்னச் சம்பளமாக இருந்தாலும் மாதச் சம்பளக்காரன் என்று ரகுபதிக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில் அவள் வாயைத் திறந்தாலே அவருக்குச் சிரிப்பு. "இன்னாவாம், இன்னா" என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்வார். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பஜ்ஜி விஷயம் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அவள் பிறந்த வீட்டில் பஜ்ஜி என்றால் தெருமுனைக் கடையில் செய்தித்தாளில் கட்டி வாங்கி வருவதுதான். வீட்டில் சுட்டுப் பழக்கமில்லை. மாவை நீர்க்கக் கரைத்துவிட்டாள். வாழைக்காய்ச் சீவலைச் சுற்றி மாவு மெத்தை மாதிரி ஊறி, எண்ணெய் குடித்துக் கிடந்தது. ரகுபதி ஒன்றை எடுத்துக் காதருகே கொண்டுபோய் ஒடித்தார். சத்தம் வரவில்லை. தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு," என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். சுட்டது அத்தனையையும் அவளே தின்று முடிக்க வேண்டும், நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார். அதட்டவில்லை. சாப்பாட்டுப் பொருளை வீணாக்குவது பாவம் என்று ஒரு காரணமும் சொன்னார். அவள் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். முடித்ததும் பேப்பரை மடித்துவிட்டு, தட்டு காலியா என்று எட்டிப் பார்த்தார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்றுதான் முதல் நாள் அவள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு அதுவே வீட்டின் சட்டமாகிவிட்டது. தினமும் ஒரு பஜ்ஜி அவர் காதருகே ஒடிபடும். சத்தம் கேட்டால் சாப்பிடுவார், ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார். கேட்காவிட்டால் தட்டு அவளிடம் வரும், "உக்காரு" என்ற சொல்லும் வரும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு எடுத்து வருவதற்குள் மொறுமொறுப்பு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பாஞ்சாலி இரவுச் சாப்பாடே சாப்பிட்டதில்லை. வயிற்றில் இடம் இருக்காது.

மகள் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் பாதித் தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். ரகுபதியே எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாய் கொப்பளிக்கக் கொடுத்தார். முதுகைத் தடவிவிட்டார். மூச்சு சீரானதும் மறுபடி "உக்காரு" என்றார்.

இன்னொரு நாள், எண்ணெய் சரியாகக் காயவில்லை, அதனால்தான் பஜ்ஜி நமத்துப் போகிறது என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு வந்தார். காய்ந்ததா இல்லையா என்று பார்க்கத் தெரியாதா என்று கேட்டார். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு விரல் நுனிகளை எண்ணெயில் வைத்து எடுத்தார். அவள் கத்துவதற்கு முன்பே இன்னொரு கையால் வாயைப் பொத்திவிட்டார். பிறகு கிளினிக்குக்குத் தானே ஆட்டோவில் அழைத்துப்போனார். பஜ்ஜி போடும்போது கை வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு அவளைத் தாங்கிக்கொண்டு அவர் ஆட்டோவிலிருந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. மாடியில் இருக்கும் ஜைதூன் பீ, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று அன்று சொன்னாள்.

தாய்வீட்டுக்குப் போய்விடலாம் என்று பாஞ்சாலி ஒருமுறை பையில் துணி எடுத்துவைத்தாள். அதற்குள் ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே தள்ளியிருந்த குடியிருப்புக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரே அறையில் அப்பா, அம்மா, தம்பி குடும்பம். அம்மா வாசலில் நின்றே பேசினாள். போன வழியே திரும்பி வந்தாள் பாஞ்சாலி. எங்கே போயிருந்தாய் என்று ரகுபதி கேட்கவில்லை. மறுநாள் ஸ்டேஷனிலிருந்து வரும்போது வாழைக்காய் வாங்கி வந்தார்.

மகளுக்குக் கயல் என்று பெயர் வைத்தார்கள். ரகுபதிக்கு அவள்மேல் உயிர். சாயங்காலம் மடியில் உட்காரவைத்துக்கொண்டு, நல்ல பஜ்ஜியாகப் பார்த்து எடுத்து, ஊதி ஊதி ஊட்டுவார். தட்டு பாஞ்சாலிக்குத் தள்ளப்படும் நாட்களிலும், மேலாகக் கிடக்கும் மொறுமொறுப்பானவற்றைக் குழந்தைக்குப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தள்ளுவார். பேச்சு வந்த வயதில் ஒருநாள் கயல் அப்பாவின் மடியில் இருந்தபடியே அம்மாவைப் பார்த்து விரலை நீட்டி, "உக்காரு" என்றாள். ரகுபதி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். குழந்தை கைகொட்டியது. பாஞ்சாலி உட்கார்ந்தாள்.

வருடங்கள் போகப் போக அவள் தேறிவிட்டாள். கடலை மாவோடு எவ்வளவு அரிசி மாவு, மாவைக் கரைத்ததும் காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து அதில் ஊற்றுவது, சீவிய காயைத் துணியில் ஒற்றி ஈரம் போக்குவது, முக்கால் பதத்தில் எடுத்து ஆறவிட்டு மறுபடி எண்ணெயில் போடுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. கத்தரிக்காய், வெங்காயம், உருளை, பஜ்ஜி மிளகாய், எதைத் தோய்த்துப் போட்டாலும் கண்ணாடி மாதிரி ஒடிந்தது. கயல் காலேஜுக்குப் போன காலத்தில் தட்டு அவள் பக்கம் வருவது அபூர்வமாகிவிட்டது. ஆனாலும் அவர் பஜ்ஜியைக் காதருகே கொண்டுபோகிற அந்த ஒரு நொடி அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடங்களில் அவள் ஒரு பஜ்ஜியைக்கூடச் சூடாகத் தின்றதில்லை. நன்றாக வந்தவை அவருக்கும் மகளுக்கும். நமத்துப்போனவை அவளுக்கு. பஜ்ஜி என்றால் ஆறிப்போய், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஒரு பண்டம் என்றே அவள் நாக்குக்குத் தெரியும்.

கயலுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பெருங்குடியில் குடித்தனம் வைத்தாள். ரகுபதி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ஒரு காலை குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சு போனது. 'ஆ' என்ற ஒரு ஒலி மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். குழாயை எடுத்தபின் டாக்டர் பாஞ்சாலியையும் கயலையும் உட்காரவைத்து விளக்கினார். விழுங்கும் தசை பலவீனமாகிவிட்டது, தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். கூழ், மசித்த சாதம் தரலாம். உதிர்கிற பண்டம், மொறுமொறுப்பான பண்டம் எதுவும் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பாஞ்சாலி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு அழைத்துவந்து, கூடத்தில் கட்டில் போட்டு, ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். வேளைக்குக் கஞ்சி, வேளைக்கு மாத்திரை, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைப்பது, சாய்வாக உட்காரவைத்துச் சின்ன ஸ்பூனால் ஊட்டுவது. கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ரூஹி என்ற பெண் காலையில் வருவாள். இப்படிச் சுத்தமாக வைத்திருக்கும் நோயாளியைத் தான் பார்த்ததில்லை என்று அவள் எங்களிடமெல்லாம் சொன்னாள். அது பொய்யில்லை.

சாயங்காலங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பல மாதங்கள் அப்படியே போயின.

பிறகு ஒரு நாள் மதியத்திலிருந்தே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். பாஞ்சாலிக்கு என்ன தோன்றியதோ, அலமாரியில் கடலை மாவு இருப்பதைப் பார்த்ததும் கரைத்தாள். ஒரு வாழைக்காய்தான் இருந்தது. தனக்கென்று சுட்டாள். தட்டோடு கூடத்துக்கு வந்தாள், அங்கேதான் மின்விசிறி. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். வாய்க்குள் நொறுங்கியது. உள்ளே காய் வெந்து வெண்ணெயாக இருந்தது, நாக்கு சுட்டது. அவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். இதைத்தான் இத்தனை காலம் சுட்டுக்கொண்டிருந்தாளா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது ரகுபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்து தலையணையில் இறங்கியது. இடது கை போர்வையைப் பிறாண்டியது. 'ஆ, ஆ' என்றார். அந்தக் கண்களில் கெஞ்சல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை.

அவள் எழுந்துபோகவில்லை. அடுத்ததை எடுத்து மெதுவாகக் கடித்தாள்.

மறுநாள் மழை இல்லை. ஆனால் அவள் வாழைக்காயும் மிளகாயும் வாங்கி வந்தாள். அவர் முன்பு ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்த அதே நேரத்துக்கு எண்ணெயைக் காயவைத்தாள். தட்டோடு ஸ்டூலைக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு பஜ்ஜியை அவர் காதருகே கொண்டுபோய் ஒடித்தாள்.

"கேக்குதா?" என்றாள். "நல்லா கேளு."

'நீங்க' என்று மட்டுமே பேசியிருந்த வாய் அது. அன்று தானாக மாறிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. காலையில் கஞ்சி ஊட்டி, துடைத்து, துணி மாற்றுகிற அதே கை சாயங்காலம் அவர் காதோரம் பஜ்ஜியை ஒடித்தது. எண்ணெய் வாசனை அவர் மூக்குக்கு நேராகப் போகும்படி மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக, அவர் கண்ணைப் பார்த்தபடியே தின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தலையணையைச் சரிசெய்வதுபோலத் தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். இத்தனைக்கும் ஒருநாள்கூட அவள் கோபமாகப் பேசவில்லை. அவருடைய மெதுவான குரலே அவளுக்கும் வந்திருந்தது.

வாசனை மறுபடி தெருவுக்கு வந்தபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்காக இன்னமும் ஆசையாகச் சுட்டுப்போடுகிறாள் என்று பேசிக்கொண்டோம். ஜைதூன் பீக்கு ஒரு தட்டு மாடிக்குப் போகும். அவள் கண் கலங்கி வாங்கிக்கொள்வாள்.

ரகுபதி மெலிந்தார். கஞ்சிக்கு வாய் திறக்க மறுத்தார். ரூஹிக்குக் காரணம் புரியவில்லை. மருந்து மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டாள். அந்த மாதம் அசோக் நகரில் இன்னொரு நோயாளி சேர்ந்ததால் ரூஹி தன் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். பாஞ்சாலியிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டாள்.

கதவு திறந்திருந்தது. ரூஹி வாசலில் நின்று பார்த்தாள். ரகுபதியின் இடது கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது, மோவாய் நடுங்கியது. பாஞ்சாலி அவர் காதில் ரகசியம் சொல்வதுபோலக் குனிந்து பஜ்ஜியை ஒடித்து, நிமிர்ந்து, வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் ரூஹியைக் கவனித்தாள்.

"வாம்மா. சூடா கீது, ரெண்டு எடுத்துக்கோ," என்று தட்டை நீட்டினாள்.

ரூஹியின் கை நீளவில்லை. "ஆன்ட்டி, அவருக்கு எல்லாம் புரியுது," என்றாள். "பேச்சுதான் போயிருக்கு. புத்தி போகல."

"தெரியும்மா," என்றாள் பாஞ்சாலி. "புரியலன்னா நான் ஏன் மெனக்கெட்டு சுடப்போறேன்?"

ரூஹி அன்று பயிற்சி கொடுக்கவில்லை. தெருமுனைக்குப் போய் நின்று கயலுக்கு போன் செய்தாள்.

கயல் மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்தாள். அப்பாவின் எலும்பு துருத்திய தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே மாவு கரைத்து மூடி வைத்திருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ற? அப்பா உனக்கு அப்படி என்ன பண்ணிட்டாரு?"

பாஞ்சாலி சொன்னாள். தரையில் உட்கார்ந்ததை, தண்ணீர் இல்லாமல் தின்றதை, வாந்தி எடுத்த நாளை, எண்ணெயில் வைத்த விரல்களை. அழவில்லை. காய்கறிக்காரன் ஏமாற்றியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். கயல் கேட்கக் கேட்க முகம் வெளுத்தாள். அவள் நினைவில் இருந்தது வேறு. அப்பா ஊதி ஊதிக் கொடுத்த பஜ்ஜியின் சூடு, எதிரே தரையில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்ட சந்தோஷமான சாயங்காலங்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். தன் புருஷனிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதேம்மா. நான் சின்னப் பொண்ணு."

"சூடா இருந்ததெல்லாம் நீதான் தின்ன," என்றாள் பாஞ்சாலி. "உங்கப்பன் மடில குந்திக்கினு என்னைப் பாத்து 'உக்காரு'ன்னு சொன்ன. ஞாபகம் கீதா?"

கயலுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அது நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போவதாகச் சொன்னாள்.

"நீ சொல்றது எல்லாமே நிஜம்னாகூட, அவரை இங்க விட முடியாதும்மா."

'நிஜம்னாகூட' என்ற அந்தச் சொல்லைப் பாஞ்சாலி மனதுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ரகுபதியின் துணிகளையும் மாத்திரைகளையும் பிரித்துக் கட்டி, எது எந்த வேளைக்கு என்று ஆம்புலன்ஸோடு வந்த ஆளிடம் ஒழுங்காகச் சொல்லி அனுப்பினாள்.

பெருங்குடியில் ஒரு ஆளைப் போட்டுக் கயல் பார்த்துக்கொண்டாள். ரகுபதிக்கு உடம்பு கொஞ்சம் தேறியது. கஞ்சிக்கு வாய் திறந்தார். இங்கே பாஞ்சாலி நேரம் தவறாமல் எண்ணெயைக் காயவைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, காலிக் கட்டிலுக்கு எதிரில் ஒன்றைக் கடித்தாள். மொறுமொறுப்பு இருந்தது, சூடு இருந்தது. ருசி இல்லை. பாதியில் வைத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்தாள்.

பிறகு ஒரு மதியம், சுட்ட பஜ்ஜிகளை எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, மூடி, தி.நகரிலிருந்து பஸ் ஏறினாள். ஓ.எம்.ஆரில் நெரிசல். பஸ் ஊர்ந்தது. மடியில் டப்பா சுட்டுக்கொண்டே இருந்தது.

கயல் கதவைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்ததில் அவளுக்கு உள்ளூர ஆறுதல். ஒரு வாரமாக அவளும் தூங்கவில்லை. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாள். ஒரு மீட்டிங் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குப் போனாள். பார்த்துக்கொள்ளும் ஆள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

பாஞ்சாலி கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். ரகுபதி அவளைப் பார்த்ததும் கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பயம் அவளுக்குத் தெம்பைக் கொடுத்தது. டப்பாவைத் திறந்தாள். மூடியின் உட்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. ஒன்றை எடுத்து அவர் காதருகே கொண்டுபோய் ஒடித்தாள்.

அது ஒடியவில்லை. ஈரத் துணி மாதிரி மடங்கியது.

ரகுபதியின் கண்கள் அவள் விரலில் தொங்கிய பஜ்ஜிக்குப் போயின, பிறகு அவள் முகத்துக்கு வந்தன. பயம் வடிந்தது. வாயின் இடது ஓரம் மேலே ஏறியது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நல்லபடியாக இருந்த இடது கையைத் தூக்கி, டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

பாஞ்சாலி நாற்காலியில் இருந்தவள் தரைக்கு இறங்கிவிட்டாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துத் தின்றாள். அடுத்ததை எடுத்தாள். தொண்டை அடைத்தது. பக்கத்து மேஜையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கயல் ஓடி வந்தாள். விழுந்த நாளிலிருந்து அப்பா சிரித்து அவள் பார்த்ததில்லை. டாக்டர்கூட முகத்தசை அவ்வளவு அசையாது என்று சொல்லியிருந்தார். கையிலிருந்த போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். எடுக்கும்போதே அழுதாள்.

"அம்மா, பாரேன், உன்னைச் சாப்பிடச் சொல்றாரு. அவரே டப்பாவைத் தள்ளிக் குடுக்கறாரும்மா."

அம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டதா, அல்லது அந்த நிமிஷத்தில் நினைக்க விரும்பவில்லையா, தெரியாது. அன்று சாயங்காலமே அந்த வீடியோ சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனது. எங்கள் தெருவுக்கும் வந்தது. நாங்களும் பார்த்தோம். கட்டிலில் ஒருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், கீழே மனைவி உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிடுகிறாள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

வாரம் ஒருமுறையாவது வா என்று கயல் கெஞ்சினாள். உன்னைப் பார்த்தால்தான் அப்பா சிரிக்கிறார் என்றாள். பாஞ்சாலி அதன்பிறகு போகவில்லை. முழங்கால் வலி என்றாள், தலைசுற்றல் என்றாள். ஒருநாள் ரகுபதிக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டார்.

காரியத்தன்று பெருங்குடி வீட்டுக் கூடம் நிறையக் கூட்டம். கயலின் கணவர் அந்த வீடியோவைப் பெரிய டி.வி.யில் போட்டார். கடைசிவரை எப்படி வாழ்ந்தார்கள் பார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். பாஞ்சாலி எழுந்து மகளிடம் போய் அதை நிறுத்தச் சொன்னாள்.

"விடும்மா," என்றாள் கயல். "அப்பா சிரிக்கிறதா என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"எதுக்கு சிரிச்சாருன்னு உனக்குத் தெரியும், கயலு."

கயல் அம்மாவைப் பார்த்தாள். தெரியும் என்பது அவள் முகத்தில் இருந்தது. ரிமோட்டைக் கையில் எடுத்தாள். டி.வி.யின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று பார்க்கப் போனாள்.

பாஞ்சாலி இப்போதும் அதே போர்ஷனில்தான் இருக்கிறாள். சாயங்காலங்களில் அங்கே வாசனை வருவதில்லை. டாக்டர் எண்ணெய் சேர்க்கக் கூடாது என்றுவிட்டார் என்று ஜைதூன் பீயிடம் சொல்லியிருக்கிறாள். கயல் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். குழாயில் தண்ணீர் வருகிறதா, பிரஷர் மாத்திரை போட்டாயா, இவ்வளவுதான் பேச்சு. போன மாதம் ஒரு வார நாளில் கூப்பிட்டாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார், தனியாகச் சமாளிக்க முடியவில்லை, இங்கே வந்து கூட இருக்கிறாயா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழாமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தாள்.

"ஒரு ஆள் வெச்சிக்கோ, கயலு," என்றாள் பாஞ்சாலி. "நல்ல ஆளாவே கெடைப்பாங்கோ."

போனை வைத்துவிட்டு, மழை வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.